பாதிச் சுருட்டை

அது சவுரி இல்லம்மா, சொந்த முடிதான். நீங்க பாக்கதப் பாத்துட்டேன், அதான் சொல்லுதேன். தப்பில்ல, எல்லாரும் அப்பிடித்தான் பாக்காவ. அந்தத் தூணுக்கிட்ட போன் பேசிக்கிட்டு நிக்கா பாருங்க, அவா என் மக. பெனிட்டா. கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நிக்கோம். நீங்க எங்க, திருப்பூரா? சரி சரி. ரெண்டு பஸ்ஸும் இந்த மதுரை ஆரப்பாளையத்துல நேரத்துக்கு வந்ததா சரித்திரமே இல்ல. உக்காருங்க.

என் பேரு இன்னாசி. ஊரு தூத்துக்குடி. ஹார்பர்ல கிரேன் ஓட்டுதேன்.

இப்போ பாக்கதுக்கு நல்லா இருக்கு, சுருள் சுருளா, காதுக்குக் கீழ வரைக்கும். இந்த முடியால என் வீட்ல என்ன நடந்திச்சின்னு எனக்குத்தான் தெரியும். நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன்.

அவளுக்கு எட்டு வயசா இருக்கும்போது அவ அம்ம போயிட்டா. செத்துப் போகலம்மா, அப்பிடிப் பாக்காதீங்க. போயிட்டா. கோயம்புத்தூர்ல ஒரு நூல் மில்லுல இருக்கா. விண்ணரசின்னு பேரு. எதுக்குப் போனான்னு கேட்டியன்னா எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் குடிக்க மாட்டேன். கை நீட்ட மாட்டேன். வாய் கொஞ்சம் உண்டு, யாருக்கு இல்ல? நாலு பேரு இருக்க எடத்துல கேலி பேசுவேன். அவ தலமுடிய தேங்காநாருன்னு சொல்லுவேன். "ஏ தேங்காநாரு, சோத்தப் போடு"ன்னு. கல்யாண வீட்ல, கோயில் திருவிழாவுல, எங்க சொன்னாலும் சிரிப்பாவ. அவளும் சிரிப்பா. சிரிச்சாதான், நான் பாத்திருக்கேன்.

போகும்போது பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னுதான் வாசல்ல நின்னா. நான் விடல. ரொம்ப நேரம் நின்னா. பொறவு போயிட்டா.

அம்ம போனா, முடி போகலியே! அச்சு அசல் அதே முடி பிள்ளைக்கி. என் அக்கா பிலோமி பக்கத்துத் தெருவுலதான் இருக்கா, அவதான் காலையில வந்து தலை சீவி விடுவா. அவளுக்கு எங்க வம்சத்து முடி, கோல் மாதிரி நேரா இருக்கும். சுருட்டை முடிய அவ எங்க கண்டா? எண்ணெயக் கொட்டி, பல்லு நெருக்கமான சீப்ப உச்சியில வச்சி ஒரே இழுப்பு. பிள்ளை கத்தும். இவ அதுக்கு மேல கத்துவா. நான் சட்டையப் போட்டுக்கிட்டு ஷிப்டுக்குப் போயிருவேன். தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தம் கேக்கும்மா.

பிள்ளைக்கிப் பன்னிரண்டு, பதிமூணு வயசுல ஒருநாள் சட்டுனு அவ வாசல்ல நின்னதப் பாத்தேன். வெளிச்சம் பின்னாடி. முகம் தெரியல, தலை மட்டும் தெரியுது. அவ அம்ம நின்ன மாதிரியே இருந்திச்சி. அந்த வாரமே பார்லருக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். ஸ்ட்ரெயிட்டனிங். கிரீம தலை பூரா தடவி, ஊற வச்சி, அலசி, இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒண்ணு வச்சித் தேய்க்காவ. நாத்தம்னா அப்பிடி ஒரு நாத்தம், அழுகின முட்டை மாதிரி. ஆனா வெளிய வந்தா பாருங்க, எனக்கு அடையாளமே தெரியல. தண்ணிய ஊத்தின மாதிரி முதுகுல கெடக்கு முடி. இப்போதான் என் பிள்ளை மாதிரி இருக்கான்னு அக்காகிட்ட சொன்னேன். அன்னைக்குத்தான் எனக்கு வீட்ல நிம்மதியாச் சோறு எறங்கிச்சு.

பொறவு என்ன, அடியில சுருட்டை எட்டிப் பாக்க ஆரம்பிச்சா உடனே பார்லர். நானே ஞாபகம் வச்சிக் கூட்டிட்டுப் போவேன். எந்த அப்பன் செய்வான் சொல்லுங்க? மத்த பிள்ளைங்க காசு கேட்டுக் கெஞ்சும். நான் கேக்காமலே செஞ்சேன்.

போன வருசம் அக்கா மகன் கல்யாணம். கல்யாண அவசரத்துல பார்லர்ல ஒரே கூட்டம். கிரீம தடவி விட்டுட்டு வேற பொண்ணுக்கு அலங்காரம் பண்ணப் போயிட்டாவ. இவா எரியுது எரியுதுன்னு சொல்லிருக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோம்மான்னு சொல்லிருக்காவ. வீட்டுக்கு வந்து பாத்தா நெத்திக்கு மேலயும் பின்னந்தலையிலயும் கொப்புளம். உடைஞ்சி நீர் வடியுது. கல்யாணத்தன்னைக்கி அத மறைச்சி மல்லிகப்பூ வச்சி விட்டா பிலோமி. போட்டோவுல நல்லாத்தான் இருக்கா.

புண்ணு ஆறின பொறவு ஒருநாள் சொல்லுதா, "அப்பா, இனிமே பார்லர் கெடையாது. நான் முடிய அதுபோக்குல வளரவிடப் போறேன்."

"வேற பார்லருக்குப் போவோம்"னேன்.

"எந்தப் பார்லரும் கெடையாது."

"ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை. ஊர் பூரா பேசும். பைத்தியக்காரி மாதிரி இருப்ப."

"எரிஞ்சது ஊருக்கா, எனக்காப்பா?"

 எந்திரிச்சி வெளிய போயிட்டேன்.

அதுல இருந்து ஆரம்பிச்சது. மழைக்காலம் வரைக்கும் வீட்ல ஒரே புகைச்சல். ஒங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, அந்த மருந்து போட்ட முடி திரும்பச் சுருளாது. புதுசா மொளைக்கது மட்டும்தான் சுருட்டை. மேல நாலு விரக்கடை சுருட்டை, கீழ ஓலை மாதிரி நேரு. ஒரு தலையில ரெண்டு பேரு முடி. ரெண்டும் சேருத எடத்துல சும்மா தொட்டாலே ஒடியும். வாசல் கூட்டுனா முடி, சோத்துல முடி, என் சட்டையில முடி. வெட்டித் தொலையேன்னு பிலோமி சொன்னா. கொஞ்சம் வளரட்டும் அத்த, இப்போ வெட்டினா மொட்டை மாதிரி இருக்கும், ஸ்கூல்ல ரெட்டை சடை போட்டே ஆகணும்னு இவா சொல்லிட்டா.

சடை எங்க நிக்கு? ஸ்கூல்ல இருந்து டீச்சர் கூப்பிட்டு விட்டாவ. போனேன். கிளாஸுக்கு வெளிய நிறுத்தி வச்சிருக்காவ. "சார், அம்மா இல்லாத பிள்ளைன்னு எங்களுக்கும் தெரியும், அதுக்காகத் தலைகூட சீவாம அனுப்பலாமா?"ன்னு அந்த டீச்சர் கேட்டாவ. எனக்கு மானமே போச்சி. வர்ற வழியில பைக்க வெரட்டி ஓட்டினேன். அவா வீட்டு வாசல்ல எறங்கி, "நீ ஒரு வார்த்தை எனக்காகப் பேசிருக்கலாம்பா"ன்னுட்டு உள்ள போயிட்டா.

நான் என்னத்தப் பேச? அவங்க சொன்னது சரிதான?

அடுப்படியப் பாக்கணுமே நீங்க. ஆளிவிதைய வேகவச்சி, கொழகொழன்னு மூக்குச்சளி மாதிரி வருது, அதத் துணியில வடிகட்டித் தலையில தேய்ப்பா. துண்டு வச்சித் துவட்ட மாட்டா, துண்டு முடியப் பிய்ச்சிருமாம். என் பழைய பனியன எடுத்துத் தலையில கட்டிக்கிடுவா. தலையணைக்கு வழுவழுன்னு பட்டுத்துணி உறை. அகலப் பல்லு சீப்பு, அதையும் ஈர முடியிலதான் வைப்பா. யாரு இதெல்லாம் சொல்லித் தாரான்னு கேட்டா, யூடியூப்ல பாக்கேன்னு சொல்லுவா. நானும் நம்பிட்டேன்.

முடி வளர வளர எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளலம்மா. அவா சோறு வைக்கும்போது நான் டிவியப் பாத்துக்கிடுவேன். எதுக்கால வந்தா செருப்பத் தேடுத மாதிரி குனிஞ்சிக்கிடுவேன். டபுள் ஷிப்டு கேட்டு வாங்கினேன். வேல ஜாஸ்தி அப்போ, அதான்.

ஒருநாள் ஷிப்டு சீக்கிரம் முடிஞ்சி மத்தியானமே வந்துட்டேன். பின்வாசல்ல போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு தலைக்கி அந்தச் சளியத் தேய்ச்சிக்கிட்டு இருக்கா. போன்ல ஒரு பொம்பளை பேசுதா. "மேல இருந்து இழுக்காத பெனி. நுனியில இருந்து வா. ஒட்டுன எடத்த விரலால புடிச்சிக்கோ"ன்னு. என் காலு அங்கனயே நின்னுட்டு. எத்தன வருசமானா என்னம்மா, குரல் மறக்குமா?

போனப் புடுங்கிச் செவுத்துல அடிச்சேன். கண்ணாடி தெறிச்சிட்டு.

"எத்தன நாளா நடக்கு இது?"

அவா பதறல. அதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். தலையில இருந்து சொட்டுச் சொட்டா வடியுது, அப்பிடியே நிக்கா.

"இந்தத் தலையோட என் முன்னாடி நிக்காத"ன்னு கத்தினேன்.

"எந்தத் தலையோடப்பா?"ன்னு கேக்கா. மெதுவாத்தான் கேட்டா. "சொல்லுப்பா. எந்தத் தலையோட?"

 அன்னைக்கும் வெளியதான் போனேன். அதுக்குப் பொறவு வீட்ல பேச்சு கெடையாது. சோறு மூடி வச்சிருப்பா, நான் தின்னுட்டுப் போவேன். அவ்வளவுதான்.

ஐப்பசி மழை புடிச்சிச்சி. தெருவெல்லாம் தண்ணி, கொசு. அவளுக்குக் காய்ச்சல். சாதாக் காய்ச்சல்னுதான் நெனைச்சோம். மூணாம்நாள் எந்திரிக்க முடியல, ஈறுல ரத்தம். தூக்கிட்டு ஓடினோம். டெங்குன்னுட்டாவ. பிளேட்லெட் எறங்கிக்கிட்டே போகுது, எதுவும் சொல்லதுக்கில்லன்னு டாக்டர் சொல்லுதாரு. நான் அந்த வராந்தாவுல நடந்தது நடந்ததுதான். வேண்டாத மாதா இல்ல. ஒரு வாரம் அப்பிடி இப்பிடின்னு இழுத்து, மெல்ல எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சிச்சி.

ஆனா தலை? வேர்த்து, படுத்தே கெடந்து, பின்னாடி ஒரு பந்து மாதிரி திரண்டு போச்சி. அடியில பழைய புண்ணு ஒண்ணு தொறந்து நீர் கசியுது. நர்ஸம்மா பாத்துட்டு, "இத ஒண்ணும் பண்ண முடியாது, வழிச்சிருவோம், புண்ணுக்கு மருந்து போடணும்"னாவ. பிலோமி என்னக் கண்ணால பாக்கா. ஒனக்கும் இதுதான வேணும்னு கேக்குத மாதிரி இருந்திச்சி. ஆமா. எனக்கும் அதுதான வேணும்? சரின்னு தலைய ஆட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நான் ஒருவார்த்தை சொல்ல வேண்டியதில்ல, ஆஸ்பத்திரியே செஞ்சிரும்.

பிள்ளை கண்ணு தொறந்து பாத்தா. பேசத் தெம்பில்ல. "வேண்டாம்பா"ன்னா. கண்ணுல இருந்து தண்ணி ரெண்டு பக்கமும் காதுக்குள்ள எறங்குது. "கணக்கு மிஸ்ஸுக்கு ஒரு போன் போடுப்பா."

காய்ச்சல்ல பெனாத்துதான்னு நெனைச்சேன். அந்த ஒடைஞ்ச போன எடுத்துப் பாத்தா, அதுல கணக்கு மிஸ்ஸுன்னு ஒரு நம்பர். நாள் தவறாம பேசிருக்கா. எந்தக் கணக்கு மிஸ்ஸு நாள் தவறாம பேசுவா?

நர்ஸம்மாகிட்ட சாயங்காலம் வரைக்கும் டயம் கேட்டேன். அவங்க அவசரப்படுத்தினதாலதான் போட்டேன். இல்லன்னா நான் எதுக்குப் போடப் போறேன்?

ஒரே ரிங்குல எடுத்துட்டா. "பெனி! என்னம்மா, ஒரு வாரமா போனே இல்ல?"

"நான்தான்."

 "பிள்ளைக்கு என்ன?"ன்னா.

சொன்னேன். உயிருக்குப் பயமில்ல, ஏறிக்கிட்டு வருது, முடிதான் பிரச்சனைன்னு சொன்னேன். அவ அழுவான்னு நெனைச்சேன். அழல.

"சிக்கு எங்கன இருக்கு?"

"பின்னந்தலையில."

"புது முடியிலயா, பழைய முடியிலயா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தொட்டுப் பாருங்க."

எட்டு வயசுக்குப் பொறவு அந்தத் தலைய நான் தொட்டதில்லம்மா. கைய வச்சேன். "கீழ காஞ்ச ஓலை மாதிரி இருக்கு. மேல..."

"மேல?"

"மேல ஒன் முடி மாதிரி இருக்கு."

அந்தப் பக்கம் மில்லு சத்தம் மட்டும் கேக்கு. தறியா, மெஷினா, என்னமோ. கட் ஆயிட்டோன்னு பாத்தேன். "இருக்கியா?"ன்னேன்.

"ம். வெதுவெதுன்னு தண்ணி எடுத்துக்கிடுங்க. கடையில கண்டிஷனர் வாங்கிட்டு வாங்க. புண்ணுல படாம, முடியில மட்டும் நெறையத் தடவுங்க. சீப்பு வேண்டாம். விரல்தான்."

பிலோமி பிள்ளையச் சரிச்சிப் புடிச்சிக்கிட்டா. நான் கட்டிலுக்குப் பின்னால ஸ்டூலப் போட்டு உக்காந்தேன். என் விரலப் பாத்தியளா? கிரேன் லீவரப் புடிச்சிப் புடிச்சிக் காய்ச்சுப் போன விரலு. இத வச்சி ஒத்த மயிர ஒத்த மயிரா. அவ சொல்லச் சொல்லச் செஞ்சேன். நுனியில இருந்து. மேல ஒரு கையால அழுத்திப் புடிச்சிக்கிட்டு, பிள்ளைக்கி வலி போகாம. பழைய முடி ஒடிஞ்சா ஒடியட்டும் விடுங்கன்னா. புது முடி ஒண்ணுகூடப் போகக்கூடாதுன்னா. மத்தியானம் உக்காந்தவன், ஜன்னல்ல வெயில் போன பொறவுதான் எந்திரிச்சேன். முதுகு நிமிரல. அந்தப் பந்து அவுந்துட்டு. பிள்ளை தூங்கிட்டா. நர்ஸம்மா வந்து பாத்துட்டு புண்ணுக்கு மருந்த வச்சிட்டுப் போயிட்டாவ.

எங்க ரெண்டு பேருக்கும் வேற பேச்சே இல்லம்மா. நல்லா இருக்கியான்னு நானும் கேக்கல. முடிஞ்சிட்டுன்னு சொன்னேன். "நான் வந்து பாக்கலாமா?"ன்னா. ஆஸ்பத்திரிதான, யாருவேணா வரலாம்னு சொன்னேன்.

மறுநாள் வராந்தாவுல உக்காந்திருக்கேன். ஒரு பொம்பளை பையோட என்னத் தாண்டிப் போறா. நான் கண்டுக்கிடல. உள்ள இருந்து "அம்மா"ன்னு சத்தம் கேட்ட பொறவுதான் திரும்புதேன். எனக்கு எப்பிடித் தெரியும்? முதுகுல பாதி வரைக்கும் நேர் முடி! எட்டிப் பாத்தேன். மேல சுருட்டை, கீழ நேரு. ரெண்டு பேரும் தலையோட தலை வச்சிக்கிட்டு இருக்காவ, யாரு முடி எதுன்னு தெரியல.

அவளும் இத்தன வருசம் அந்த மருந்தப் போட்டிருக்கா. பிள்ளை நிறுத்தின அன்னைக்குத்தான் அவளும் நிறுத்திருக்கா. ரெண்டு பேரும் சேந்து வளத்திருக்காவ, இவா இங்கயும் அவா அங்கயுமா.

எதுக்குட்டி நீ நேராக்கினன்னு பிலோமி கேட்டிருக்கா. "கண்ணாடியப் பாக்கும்போதெல்லாம் தேங்காநாருன்னு ஒரு குரல் கேக்கும் மதினி"ன்னு சொன்னாளாம். பிலோமி இத எங்கிட்ட வந்து சொல்லுதா, என்னமோ நான் கொல பண்ணின மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு. வெளாட்டுக்குச் சொன்னதும்மா அது! எல்லாப் புருசனும் பொண்டாட்டிய எதாவது சொல்லுவான்தான? அதையா ஒருத்தி கோயம்புத்தூர் வரைக்கும் சொமந்துட்டுப் போவா? நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்லாண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தோம். அவளும் வந்தா. வாசல் வரைக்கும் வந்துட்டு நின்னா. பெனிட்டாதான் கையப் புடிச்சி உள்ள இழுத்தா. நான் மோட்டாரப் பாக்கப் பின்னாடி போயிட்டேன்.

இனிமே பழைய முடி வேண்டாம், ஒடிஞ்சே தீந்துருதுன்னு ரெண்டு பேரும் பேசிட்டாவ. பிலோமியோட தையல் கத்திரிய வாங்கி, பின்வாசல்ல ஸ்டூலப் போட்டு, முதல்ல பிள்ளைக்கி அவ வெட்டினா. பொறவு பிள்ளை அவளுக்கு வெட்டினா. கீழ பூரா கருப்பா நீளநீளமா கெடக்கு. நான் அடுப்படியில தண்ணி குடிச்சிக்கிட்டு நின்னேன்.

"அப்பா, இங்க வா. பின்னாடி சமமா இருக்கான்னு பாரு"ன்னு பெனிட்டா கூப்பிட்டா.

யாருக்குப் பாக்கச் சொல்லுதான்னு நெனைக்கிய? அவளுக்கு இல்ல, அவ அம்மைக்கு.

போனேன். விண்ணரசி திரும்பல. கழுத்து தெரியுது. அங்கங்க நரை விழுந்திருக்கு. சுருள் சுருளா, ஈரமா. நான் ஒண்ணும் பேசாம நிக்கேன், அவ தோளு அப்பிடியே இறுகிப் போயி இருக்கு. அடி விழும்னு இருக்கவ மாதிரி இருந்தாம்மா. நான் அவள ஒருநாளும் அடிச்சதில்ல. சத்தியமா அடிச்சதில்ல.

"இடது பக்கம் கொஞ்சம் நீளமா இருக்கு"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்தத் தோளு மெல்ல எறங்கிச்சி. பிள்ளை இடது பக்கத்த வெட்டினா. சாயங்காலம் அவ பஸ்ஸுக்குப் போயிட்டா. போகாதன்னு நான் சொல்லல. இருக்கேன்னு அவளும் சொல்லல.

பரிட்சை எழுதி நல்ல மார்க்குதான் எடுத்தா. இப்போ காலேஜுக்குக் கோயம்புத்தூர்தான் போவேன்னு நிக்கா. தூத்துக்குடியில காலேஜா இல்ல? எனக்குத் தெரியாதா எதுக்குக் கோயம்புத்தூர்னு? அங்க அவ அம்ம பஸ் ஸ்டாண்டுல நிப்பா. நான் கொண்டு விட்டுட்டு அதே பஸ்ஸுல திரும்பிரலாம்னு நெனைச்சேன். "சாப்பிட்டுட்டுப் போவச் சொன்னாங்கப்பா, மீன்கொழம்பு வச்சிருக்காங்களாம்"னு சொல்லுதா. கோயம்புத்தூர்ல என்ன மீன் கெடைக்கும்? ஐஸ் மீன்தான்.

அந்தா வருது பாருங்க, திருப்பூர் பஸ்ஸு. ஒங்களதுதான். பைய எடுத்துக்கிடுங்க, தண்ணி பாட்டில விட்டுராதீங்க.

யம்மா, ஒரு நிமிசம். ஒண்ணு கேக்கணும். நீங்க பொம்பள, ஒங்களுக்குத் தெரியும். ஒருத்திகிட்ட ஒந்தலமுடி நல்லாருக்குன்னு சொல்லணும்னா எப்பிடிச் சொல்லணும்? அவ கேலின்னு நெனைச்சிராம? சொல்லிட்டுப் போங்கம்மா. டிரைவர் எறங்கி டீக்கடைக்குத்தான் போறாரு.